ழகரம் இறங்காத ஊர்

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் துரை, இலங்கைச் சோனகர் என்ற முஸ்லிம்கள் யார் என்று ஒரு கட்டுரை எழுதினார். சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் ஒரே பிரதிநிதி அவர்தான். வீட்டில் பேசுவது தமிழ், ஆகவே சோனகரும் தமிழரே, மதம்தான் வேறு என்பது அவர் தீர்ப்பு. அடுத்த வருஷமே வெள்ளைக்காரன் சோனகருக்குத் தனி ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

மறுப்பு வர 19 வருஷம் பிடித்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதினார்: எங்கள் முன்னோர் அரபிகள், தமிழ் இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பாஷை. யாருடைய தமிழ் என்ற இந்த வழக்கை இருவரும் நடத்தியது சுத்த இங்கிலீஷில்!

இரண்டு கனவான்களில் ஒருவராவது குதிரை வண்டி பிடித்து, கொழும்பு மருதானை தாண்டி, சோனகர் வாழும் தெமட்டகொடையில் இறங்கிக் காதைத் தீட்டியிருக்கலாம். ல, ள, ழ மூன்றும் அங்கே ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பம். வாழைப்பழம் 'வாலப்பலம்'. 'இருக்கு' நடுவில் தேய்ந்து 'ஈக்கி' ஆகும். 'சொல்லு' என்பது 'செல்லு'. சரி, சோம்பேறி நாக்கு என்று முடிவு கட்டப் போனால், ஓதப்பள்ளியில் லெப்பையின் பிரம்புக்கு முன்னால் உட்கார்ந்த ஆறு வயதுப் பொடியன் தொண்டையின் அடியிலிருந்து ஒரு அரபு ஹகரத்தை எடுத்துவிடுவான். தமிழ்ப் பண்டிதர் எவருக்கும் அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பண்டிதர் மட்டும் என்ன சுத்தம்? போர்த்துக்கேயர் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்து, ஒல்லாந்தர் விட்டுப்போன கந்தோருக்கும் கக்கூசுக்கும் போய்வந்துதான் அவர் தெமட்டகொடைத் தமிழைத் திருத்துகிறார்.

நோர்வேயிலும் இந்தக் கூத்து உண்டு. கிழக்குப் பக்கத்தில் நாக்கை மடித்துச் சொல்லும் தடித்த லகரம் ஒன்று. நகரத்துப் பெரிய மனிதர் அதைப் பட்டிக்காட்டுச் சத்தம் என்று முகம் சுளித்தார்கள். நம்மவர் மடிக்கவில்லை என்று ஏச்சு வாங்க, அவர்கள் மடித்ததற்கு வாங்கினார்கள். ஆனால் அங்கே பாராளுமன்றத்திலேயே அவரவர் ஊர்ப் பேச்சில் பேசலாம்.

துரையின் உறவுக் கணக்கோ அதிக நாள் நிற்கவில்லை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் சோனகர் கடைகள் எரிந்தன. துரை வாதாடியது கைதான சிங்களத் தலைவர்களுக்காக. நன்றிக்கடனாக அவரை வண்டியில் ஏற்றி, குதிரையை அவிழ்த்துவிட்டு அவர்களே இழுத்தார்கள். '88இல் கண்டுபிடித்த சொந்தக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

தெமட்டகொடை வாய் இதற்கெல்லாம் அசரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தமிழ் வாத்தியார், பேஸ்லைன் வீதிக் கடையில் ழகரத்தை நன்றாக உருட்டி, "நானா, அது வாழைப்பழம்" என்று திருத்தினார்.

"அது வெல்லவத்தையில ஈக்கும் சேர். இங்க ஈக்கிய வாலப்பலம்தான். ஒரு கிலோ போடவா?"