பழைய டீசல் வேனின் இன்ஜெக்டர் கசிவு: கசிவியல் நோக்கில் ஓர் ஆய்வு

கைமாறி வந்த டீசல் வேன்களில் இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பூஞ்சாரலாகப் பீச்சும் கருவி, கசிவதை இடம் நோக்கி மூவகையாகப் பகுக்கலாம்: தலைப்பகுதியின் ரிட்டர்ன் ஹோஸில் கசிவது, இன்ஜெக்டர் அமர்ந்திருக்கும் குழியின் வாஷரில் கசிவது, நாசில் எனப்படும் நுனியில் உள்ளுக்குள்ளேயே சொட்டுவது. நான்காவதாகவும் ஒரு வகை உண்டு. அது விற்பவரின் வாக்கில் மட்டும் நிலவும் ‘கசிவே இல்லாத வண்டி’ என்பதாகும். முதல் மூன்றுக்கும் ஸ்பேனர் போதும் என்பதாலும், நான்காவதே வாங்குபவருக்குப் பெருஞ்செலவு வைப்பது என்பதாலும், ஆய்வாளர் அதனையும் விட்டுவிடுதல் தகாது.

ருடால்ஃப் டீசல் 1890-களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை உருவாக்கியபோது, எரிபொருளை அழுத்தக் காற்றைக் கொண்டே சிலிண்டருக்குள் ஊதினார். அதற்கெனத் தனியே ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தமையால் அவ்வியந்திரம் வேனில் ஏறும் அளவுக்குச் சுருங்கவில்லை. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927-இல் டீசல் பம்ப்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே சிறு வண்டிகளுக்கு டீசலும், டீசலோடு இக்கட்டுரையின் பொருளும் கிட்டின. அந்நிறுவனத்தின் வழியில் 1951-இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ, 2008-இல் பெயர் மாற்றிக்கொண்ட செய்தி தமிழகத்துப் பம்ப் கடைகள் பலவற்றின் பேச்சுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

முதல் வகைக்கு வருவோர் ஒன்றை முன்னதாக அறிதல் வேண்டும். நாசிலுக்குள் நீடில் என்னும் ஊசி சில மைக்ரான் இடைவெளியில் ஏறி இறங்குகிறது. அவ்விடைவெளி வழியே மேலேறும் டீசலே அதற்கு மசகாகவும் அமைகிறது. ஆகவே இன்ஜெக்டர் கசிவது குற்றமன்று, கசிந்ததை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் வழி கசிவதே குற்றம். மெர்சிடிஸின் ஓஎம் 616-ஐத் தழுவிய 4 சிலிண்டர் இன்ஜின் பூட்டிய பழைய டெம்போ டிராவலர்களில், இவ்வழியானது நூல் பின்னிய ரப்பர் ஹோஸ் துண்டுகளால் ஓர் இன்ஜெக்டரை அடுத்ததோடு கோத்து, கடைசி இன்ஜெக்டரின் திறந்த முனையை ஒரு சிறு மூடியால் அடைத்து அமைக்கப்பட்டது. அம்மூடி விழுந்து தொலைந்த வேன்களில் விரல் நீள ஹோஸ் ஒன்றும் அதன் வாயில் முறுக்கி இறக்கிய ஸ்க்ரூ ஒன்றும் அப்பணியைச் செவ்வனே ஆற்றி வருவதைக் காணலாம். கட்டுக்கம்பியால் அதனை இறுக்கியிருப்பின் வண்டி இரண்டு உரிமையாளர்களையேனும் கண்டது எனக் கொள்வதில் பிழையிராது.

‘சொட்டுதானே’ என்னும் வழக்கு இவ்வகையைப் பற்றியே எழுந்தது. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டு, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் 8 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் டீசல் சாலைக்குப் படைக்கப்படுகிறது. ஓட்டுநருக்கு அருகிலேயே இன்ஜின் மூடி இருக்கும் வேனாயின் வாடை உள்ளேயும் பரவி, பழனிக்கோ சபரிமலைக்கோ செல்லும் பயணியர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடிக்க நேரும். அவ்வேளையில் ‘முன்னாடி போற லாரிங்க’ என்று ஓட்டுநர் தரும் விளக்கம், முன்னால் லாரி எதுவும் செல்லாதபோதும் மாறுவதில்லை. இரவில் ஹோஸ் கசியும் அதே இடத்தின் வழியே காற்று உட்புகுந்து குழாயிலுள்ள டீசல் டேங்கை நோக்கி இறங்கிவிடுவதால், காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றியும் இன்ஜின் பிடிப்பதில்லை. ஹேண்ட் பம்ப்பை அடித்து, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டியதாகிறது.

இரண்டாம் வகையில் கசிவது பெரும்பாலும் டீசலன்று, எரிந்த வாயு. குழியின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் நசுங்கித் தேய்ந்தபின், ஒவ்வொரு வெடிப்பின்போதும் வாயு ‘சுக், சுக்’ என்று மேலெழுந்து, வழியிலேயே குளிர்ந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தாரைப் போலக் கறுத்து இறுகுகிறது. கல்வெட்டு ஆய்வாளர் படியெடுப்பது போல இப்படிவைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டியின் வரலாறு முழுவதும் புலனாகும்: அடியில் கன்னங்கரேலென்று இறுகியது பழைய உரிமையாளர் காலத்தது, அதன்மேல் செம்மண் ஒட்டியது கோடைத் திருவிழாக்களின் ஓட்டம், மேலாக ஈரம் மினுங்குவது கடந்த வாரத்தது. இத்துணைச் சான்றுகளையும் வாட்டர் சர்வீஸ் அரைமணி நேரத்தில் அழித்துவிடுகிறது. ஆயுத பூஜையின்போது நேர்வது பக்தியின் பாற்பட்டது. சந்தனமும் குங்குமமும் வைக்கும் இடம் தூய்மையாக இருத்தல் முறையே. ஆனால் புரட்டாசியோ ஐப்பசியோ அல்லாத ஒரு மாதத்தில், வண்டி பார்க்க ஆள் வருவதற்கு முந்தைய மாலையில், இன்ஜின் மட்டும் பளபளவெனக் குளித்து நிற்குமாயின் அதற்குப் பக்தியைக் காரணமாகக் காட்டவியலாது. அழுக்கேறிய இன்ஜினை நம்பி வாங்கலாம், கழுவிய இன்ஜினை நம்பலாகாது என்பதே இவ்வாய்வின் துணிபு.

மூன்றாம் வகைக்கு வெளியே சான்று கிடையாது. நீடில் தன் இருக்கையில் முழுதும் படியாவிட்டால் நாசில் நுனி சாரலாக வீசாமல் சொட்டுகிறது. சொட்டிய டீசல் சரிவர எரியாமல் வெண்புகையாகவும் ‘தட்டும்’ ஓசையாகவும் வெளிப்படுவதோடு, சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலிலும் கலக்கிறது. இதனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்கு மாறாக ஏறுகிறது. ‘ஆயில் ஒரு சொட்டுக் குறையாத வண்டி’ என்று புரோக்கர்கள் போற்றும் வேன்களுள் ஒரு பகுதி இவ்வினத்தைச் சார்ந்ததே. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பவர், நீர்த்துப்போன ஆயிலில் டீசல் வாடையையும் அப்புகழுரையில் பொதிந்துள்ள முழு உண்மையையும் ஒருங்கே உணர்வார். உராய்வைத் தடுக்க வேண்டிய ஆயில் இவ்வாறு நீர்த்துப்போவதால் பேரிங்குகளும், நாசில் நெடுங்காலம் ஒரே இடத்தில் சொட்டுவதால் பிஸ்டனின் தலையும் கெடுகின்றன.

பரிகாரங்களுள் தொன்மையானது பார் சோப்பு. டீசலில் சோப்பு கரையாமையால் டேங்க் விரிசலில் தேய்த்துவைத்து ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அதே சோப்பை இன்ஜெக்டர் பைப்பின் நட்டில் அப்புவோர் அழுத்தம் என்பதைக் கணக்கில் கொள்ளாதவர்கள். பழைய வகை நாசில்களே ஏறக்குறைய 100 முதல் 250 பார் அழுத்தத்தில்தான் திறக்கின்றன. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் ஊட்டும் காமன் ரெயில் வண்டிகளிலோ அழுத்தம் 1,600 பாரையும் எட்டும். கார் டயரில் அடிக்கும் காற்று 2 பார் அளவினதே. கசிவு எங்கே எனக் கையால் தடவிப் பார்ப்பது இதனாலேயே விலக்கப்பட்டது: கண்ணுக்குத் தெரியாத சாரல் தோலைத் துளைத்து உட்புகுந்தால், மேலே ஊசி குத்திய அளவே தெரிந்தாலும், அறுவை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டியதாகும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்ப்பது மலிவானது.

பழுதான சிலிண்டரைக் கண்டறிய, பழைய இன்ஜின்களில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, 17-ஆம் நம்பர் ஸ்பேனரால் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்துவர். எதைத் தளர்த்தும் இன்ஜினின் ஓசை மாறவில்லையோ அதுவே வேலை செய்யாதது. காமன் ரெயிலில் இம்முறை உயிருக்கு உலை வைக்கும் என்பதால், ரிட்டர்ன் முனைகளில் நான்கு தெளிந்த பாட்டில்களை மாட்டி, எது விரைந்து நிறைகிறது என்று பார்ப்பர். பின்னர் இன்ஜெக்டர் பம்ப் கடைக்குச் செல்கிறது. அங்கே டெஸ்டரின் கைப்பிடியை அழுத்தும்போது ‘கிர்ர்’ என்று அதிர்ந்து புகைபோல வீசுவதும், திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே 10 நொடி நிறுத்தியும் நுனி உலர்ந்திருப்பதும் நல்ல நாசிலின் இலக்கணமாகும்.

மீண்டும் பூட்டும்போது வாஷர் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. புதியதே வேண்டும் என்பது ஒன்று. பழைய செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மை மீளும் என்பது மற்றொன்று. இரண்டாம் கொள்கை உலோகவியலுக்கு முற்றிலும் முரணானதன்று. ஆயினும் அக்கொள்கையைப் பின்பற்றுவோரும் பில்லில் முதற்கொள்கையின்படியே 4 புதிய வாஷர்களை எழுதுவதுண்டு. அதனைக் காட்டும் கேஜ் எதுவும் டெஸ்டரில் பொருத்தப்படவில்லை.