ஸ்கேன் செய்தால் பயமில்லையா?

கேள்வி: கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவை வீட்டுக் கணினியில் ஸ்கேன் செய்தேன். 'வைரஸ் இல்லை' என்று வந்தது. இனி நிம்மதிதானே?
– வாசகர், வேலணை

பதில்: பாதி நிம்மதி. ஸ்கேனர் சொன்னது, 'எனக்குத் தெரிந்த வைரஸ் இல்லை' என்பது மட்டுமே. ஏற்கெனவே பிடிபட்ட தீநிரல்களின் அடையாளங்களோடு அது கோப்பை ஒப்பிடுகிறது. நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படவும் செய்கிறது. ஆனால் புதிதாக வந்தவனும், தன்னைப் பூட்டிக்கொண்டு வேடம் மாறியவனும் தப்பிவிடலாம். எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று கணினி அறிஞர் பிரெட் கோஹன் 1984இலேயே நிறுவிவிட்டார். பிறகு ஸ்கேன் எதற்கு என்பீர்கள். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகேறும்போது பாதுகாப்பு அங்கி அணிவது, கடல் பொங்காது என்ற நம்பிக்கையிலா? பென்டிரைவில் ஊர் சுற்றும் பழைய வைரஸ்களை ஸ்கேனர் பிடித்துவிடும். அதுவே பெரிய உபகாரம்.

'தீவுப்பகுதியில் கிடக்கும் என் கணினியை யார் சீண்டப் போகிறார்கள்?' என்றும் கேட்பீர்கள். வைரஸ் விலாசம் விசாரித்து வருவதில்லை. கொழும்பையும் அது விடவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் போயே போய்விட்டன. காலாவதியான மென்பொருள் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த பிரதியும் இருக்கவில்லை. ஆகவே ஸ்கேனரையும் கணினியையும் அடிக்கடி புதுப்பியுங்கள். முக்கியமானதை இன்னொரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். எந்தக் கப்பக்காரனுக்கும் எட்டாத இடம் அதுதான்.