கோபேயும் மாட்டுத் தரகும்

ஏண்டா பேராண்டி, புதுக் கண்ணாடியில முகம் லட்சணமாத்தான் இருக்கு. ஆனா "கம்பெனி கண் இன்சூரன்ஸ் இருக்கு தாத்தா, என் கையிலேர்ந்து குடுக்குற பங்கு பத்து டாலர்தான், அதுக்குப் பேரு கோபே"ன்னு போனவன், 179 டாலர் பில்லோட வந்து சோபாவுல சாஞ்ச பாரு, அந்த முகத்தைத்தான் போட்டோ புடிச்சு வச்சிருக்கணும்.

அந்தப் பேரே எனக்கு மொதல்ல இடிச்சது. 'கோ'ன்னா மாடு. நாப்பது வருசம் மணப்பாறைச் சந்தையில தரகு பாத்தவன், "மாட்டுக்குக் குடுக்குற காசாடா?"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. யாரு மாடுன்னு இப்பத் தெரிஞ்சுதா?

சந்தையில துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் புடிச்சுத்தான் வெல பேசுவோம். சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் வெளங்காது. பேசுற ரெண்டு பேருக்கும் தெரியும். உங்க டல்லாஸ் கண்ணாடிக் கடையில துண்டுக்குள்ள கைய விட்டவனுக்கே வெல தெரியலையேடா!

பில்லைப் பாரு. கண்ணைச் சோதிச்சதுக்கு 10. கண்ணாடிக்குன்னு இன்னொரு கோபே 25, அதை நீ படிக்கவே இல்ல. பிரேமுக்கு 150 வரைக்கும் திட்டம் குடுக்கும். நீ எடுத்தது 230. மிச்சம் 80-ல நூத்துக்கு இருபது தள்ளுபடி போக 64 உன் தலையில. "உங்க முகவெட்டுக்கு இதுதான் சார்"னு அந்தக் கடைப் பொண்ணு சொன்ன ஒத்தை வார்த்தைக்கு வெல அது. அப்பறம் வில்லை. திட்டம் தாங்குறது சாதா வில்லையத்தான். வெளிச்சம் எதிரடிக்காத பூச்சுக்கு 45, உடையாத பாலிகார்பனேட்டுக்கு 35. மாட்டைப் புடிச்சுக் குடுத்துட்டு மூக்கணாங்கயிறு, மணி, லாடத்துக்கெல்லாம் தனித்தனியாக் கை நீட்டின கதைதான்.

மாசம் 8 டாலர் சம்பளத்துல புடிக்கிறானே, அதை எங்க எழுதின? வருசத்துக்கு 96. வரிக்கு முன்னாடியே புடிக்கிறதால கொஞ்சம் மிச்சம்தான், சரி. ஆனாலும் உன் பத்து டாலர் கண்ணாடி 275-க்கு வந்து நிக்குது.

நான் கேட்டா இதுக்கு இன்சூரன்ஸுன்னே பேரு வைக்க மாட்டேன். வீடு தீப்புடிக்கும்னு யாரும் நாள் குறிக்க முடியாது. கண்ணாடி வேணுங்கிறது ஒனக்கு வருசாவருசம் தெரியும். இது தீபாவளிச் சீட்டுடா. மாசாமாசம் கட்டு, நாள் வந்ததும் பலகாரத்தை வாங்கிக்க. போகலைன்னா கடைக்காரனுக்கு லாபம். வருசாவருசம் கண்ணைக் காட்டுற ஆளுக்கு நல்ல சீட்டு. கட்டிட்டுப் போகாம இருக்குற ஆளை எங்க ஊர்ல தருமவான்னுவோம்.

உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லு. உங்க திட்டத்துல ஒரே வருசத்துல கண்ணாடி, இல்லாட்டி காண்டாக்ட் லென்ஸ், ரெண்டும் சேத்துக் கெடையாது. லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்திப் பாக்குறதுக்குத் தனிக் கூலி வேற. அன்னைக்குச் சின்னவனுக்குக் கண்ணு செவந்து சீழ் வச்சப்ப, அதே கண் இன்சூரன்ஸ் கார்டை நீட்டி முழிச்சியே! கண்ணுல நோவுன்னா அது பொதுவா வைத்திய இன்சூரன்ஸ் பாக்குற சோலி. அதுல டிடக்டிபிள்னு ஒரு வாசப்படி. அந்தத் தொகைய நீ கைக்காசாக் கட்டி முடிக்கிற வரைக்கும் பெரும்பாலான செலவுக்கு அவன் அசைய மாட்டான்.

ஒண்ணு சொல்றேன், காதை இப்படிக் குடு. கண்ணைச் சோதிச்சு முடிச்சதும் பவர் எழுதுன சீட்டை டாக்டர் ஒன் கையில குடுத்தாகணும், தனிக் காசு கேக்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல சட்டமே இருக்கு. வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு, நாலு கடை ஏறி எறங்கு. ஆன்லைன்ல வாங்கப்போறன்னா ரெண்டு கண்ணுப் பாவைக்கும் நடுவுல உள்ள தூரத்தையும் அளந்து தரச் சொல்லு. அதைத் தந்தே ஆகணும்னு நாட்டுச் சட்டம் இல்ல, அதனால வாயைத் தொறந்து கேளு. திட்டத்துல சேராத வெளிக் கடையில வாங்கினா திருப்பித் தர்றது கொறச்சல்தான். ஆனா சில சமயம் அந்தக் கடை வெலையே ஒன் கோபேயைவிடக் கம்மியா இருக்கும். எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி, "எல்லாஞ் சேத்து என் கையிலேர்ந்து எவ்வளவு?"ன்னு எழுதி வாங்கு. கேக்க வெக்கமா இருந்தா என்னையக் கூட்டிட்டுப் போ.

அப்பறம், எப்எஸ்ஏன்னு வரியில்லாம ஒதுக்கி வச்ச பணம் கெடக்காமே? வருசம் முடிஞ்சா ஒன் கம்பெனி விட்ட அளவு போக மிச்சம் பறந்துடுமாமே? அதுல ஒனக்கு இன்னொரு கண்ணாடி வாங்கி வச்சுக்க. எனக்கும் ஒரு வாசிக்கிற கண்ணாடி வேணும். ஆனா அந்தக் காசுல வேணாம். நான் ஒன் வரிக் கணக்குல இல்லாத ஆளு, அது கள்ளத் தரகு. கைக்காசுல வாங்கு. பிரேம் அந்தப் பொண்ணையே எடுத்துக் குடுக்கச் சொல்லு.