சுவரைத் தட்டுகிறவர்கள்

பழைய வீடு பார்க்கப் போன எந்தக் கூட்டமும் சுவரைத் தட்டாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகிற பக்கம், ஒரு ஓட்டு வீட்டில் அது மறுபடியும் நடந்தது. இதை எழுதுகிறவரின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம். பழைய வீட்டை வாங்குவதற்கு முன்பே ரிப்பேர் செலவைக் கணக்குப் போட ஒரு சூத்திரம் இருக்கிறது. அது பின்னால் வரும். அதற்குள் இந்தத் தட்டுகிற சமாச்சாரத்தை முடித்துவிடலாம்.

முதலில் தட்டியவர் மச்சினர். வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுக்க உரசிப் பார்த்தவரே ஒழியத் தட்டிப் பார்த்தவர் அல்லர். ஆனாலும் நடுவிரலை மடக்கி, சந்தையில் பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி சுவரில் மூன்று தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ம்" என்றார்.

அந்த "ம்" எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. தரகருக்குத் தெரிந்துவிட்டது. "பாத்தீங்களா சார், அந்தக் காலத்துச் சுவரு!" என்றார் உடனே. அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். கதவை உள்ளங்கையால் அறைந்து, "தேக்கு" என்று அறிவித்தார். வேம்பானாலும் பலாவானாலும் தரகர் கை பட்ட மாத்திரத்தில் கதவு தேக்காகிவிடும். கூட வந்த பெரியப்பா கைத்தடியால் தரையைத் தட்டினார். சிவப்பு ஆக்ஸைடு தரை. பளபளப்பு போகவில்லை என்று அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார். அத்தை தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். யாரோ ஒரு பையன் ஜன்னல் கம்பிகளை வரிசையாகக் குச்சியால் இழுத்துக்கொண்டே போனான். அந்தக் கூட்டத்தில் எதையாவது நேர்மையாகச் சோதித்தவன் அவன் ஒருவன்தான், கம்பி ஒன்று கையோடு வந்துவிட்டது. எல்லோரும் வாசலுக்குப் போன பிறகு கட்டுரையாளரும் தட்டினார். வாங்கப் போகிறவர் தட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது. "டொக்" என்று கேட்டது. "டொக்" நல்லதா, "ணங்" நல்லதா என்று கேட்க அவமானமாக இருந்ததால் அவரும் "ம்" என்றார்.

தட்டுவதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியாது. பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் பொள்ளென்று சத்தம் வரும். தொழில் தெரிந்த கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போய், பொள்ளல் விழுந்த இடங்களைச் சுற்றிச் சாக்குக் கட்டியால் வட்டம் போடுவார். அவர் தட்டுவது பூச்சை. மச்சினர் தட்டியது முப்பது லட்ச ரூபாயை.

ஓதத்துக்குச் சத்தம் கிடையாது. அந்த வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்தாலும் அதை வெளியே விட்டுவிடும். இடையில் யாரோ ஒரு புண்ணியவான் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசி வைத்திருந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சிமென்டுக்கு மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துப் பெயிண்டைச் செதில் செதிலாக உரித்திருந்தது. அதன் மேல் முருகன் காலண்டர் தொங்கியது. பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் காலண்டரைத்தான் தூக்கிப் பார்க்க வேண்டும், சாமி கோபித்துக்கொள்ளாது.

மேஸ்திரி வந்தார். இவரும் தட்டினார். எழுதிக் கொடுக்கச் சொன்னதற்கு, கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கம் பேனாவை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டா நாலு வெச்சுக்கோங்க சார்."

"நாலுக்குள்ள எல்லாம் அடங்கிடுமா மேஸ்திரி?"

"அடங்கும் சார். ஓட்டைப் பிரிச்சா கொஞ்சம் கூட ஆகும்."

"பிரிக்காம எப்படி மாத்தறது?"

"அதான் சார் சொல்றேன்."

இந்தத் தர்க்கத்தை உடைக்க முடியாது. மங்களூர் ஓட்டை பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் முதல் தொழிற்சாலை போட்டுச் செய்யத் தொடங்கினார்கள். நல்ல ஓடு நூறு வருஷத்தையும் தாண்டும். அதைத் தாங்குகிற ரீப்பரும் கைமரமும் அப்படி அல்ல. கைமரம் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் முனையில்தான் கரையான் முதலில் குடியேறும். கீழே நின்று பார்த்தால் மரம் மீசை முறுக்கிக்கொண்டு நிற்கும். மேலேறி ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பிடி வரைக்கும் இறங்கும். மேஸ்திரியின் நாலில் கைமரம் இல்லை. மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங் இல்லை. சமவெளியிலிருந்து மணலும் ஜல்லியும் ஏற்றிவர லாரி வாடகை இல்லை, இறக்குக்கூலியும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த செய்தியும் இல்லை. விலை ஏறிய செய்தி மட்டும் மலையடிவாரத்துக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடும்.

இதில் கட்டுரையாளரின் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது காவலூர்தான். அந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, மலைமேல் வைணு பாப்பு வானாய்வகம். 1986-இல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதற்கும் முன்பு, 1977 மார்ச்சில், அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர்கள், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் சமயத்தில் ஒளி விட்டுவிட்டு மங்கியதைப் பதிவு செய்தார்கள். அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்ததில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு. நடுவில் இருநூறு கோடிக் கிலோமீட்டருக்கும் மேல். யாரும் தட்டவில்லை. அதே மலையின் காலடியில், தலைக்கு மேல் பன்னிரண்டு அடியில் இருக்கிற கைமரத்தின் கதி என்ன என்று ஐந்து பெரியவர்களால் சொல்ல முடியவில்லை.

உலகத்தில் மற்றவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. லண்டனில் பிக் பென் மணிக்கூண்டைப் பழுதுபார்க்க முதலில் போட்ட கணக்கு 2 கோடியே 90 லட்சம் பவுண்டு. 2017-இல் அது 6 கோடியே 10 லட்சம் ஆயிற்று. சாரம் கட்டி, ஏறி, பிரித்துப் பார்த்ததில் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சின் சேதமும் ஆஸ்பெஸ்டாஸும் கிடைத்தன. 2020-இல் கணக்கு 7 கோடியே 97 லட்சத்தில் வந்து நின்றது. குண்டு விழுந்த பிறகும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் தினமும் அண்ணாந்து பார்த்து மணி தெரிந்துகொண்ட ஊர் அது. வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் 1948-இல் ஜனாதிபதி ட்ரூமனின் மகள் வாசிக்கும் பியானோவின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதன் பிறகுதான் அந்த வீட்டின் உண்மையான நிலைமை எல்லோருக்கும் உறைத்தது. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே அத்தனையையும் இடித்து எஃகில் கட்டினார்கள். குடும்பம் திரும்பக் குடிவந்தது 1952-இல். சுவரைத் தட்டுவதைவிடப் பியானோ நம்பகமானது. ஆலங்காயம் பக்கம் அது கிடைப்பது கஷ்டம்.

ஜவ்வாது மலைமேல் ரிப்பேர் செலவே இல்லாத வீடுகள் சில உண்டு. கீழ்செப்பிலி பக்கம் போனால் காணலாம். கற்பலகைகளை நாலு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை வைத்து, முன்பலகையில் வட்டமாக ஒரு துளை விட்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் குள்ளர் வீடு என்பார்கள். இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்தில் எழுப்பியவை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கின்றன. குடியிருப்பவர் அட்டாச்சுடு பாத்ரூம் கேட்காததால் கட்டினவர்களுக்கு எஸ்டிமேட் தவறவில்லை. உயிரோடு இருந்த மலையாளிப் பழங்குடிகளும் மூங்கில் வரிச்சில் மண்ணைப் பூசி, மேலே புல்லை வேய்ந்துதான் வாழ்ந்தார்கள். புல் மக்கினால் புதுப் புல், அதுவும் மலையிலேயே கிடைக்கும். அந்தக் கணக்கு யாருக்கும் பிசகியதில்லை. இன்றைக்கு அங்கேயும் தொகுப்பு வீடும் தளம் ஒழுகுகிற பேச்சும் வந்துவிட்டன.

பழைய வீடு வாங்குவதில் பைசா சுத்தமாகக் கணக்குப் போட முடிவது அரசாங்கத்துக்குப் போகிற பங்கை மட்டும்தான்: வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. மற்றதில் யாருக்குமே சரியான தொகை வேண்டாம். பெரிய தொகை சொன்னால் தரகருக்குக் கமிஷன் போச்சு, மேஸ்திரிக்கு வேலை போச்சு, மச்சினருக்கு ஞாயிற்றுக்கிழமை போச்சு. வாங்குகிறவருக்கோ திண்ணையைப் பார்த்த நிமிஷமே மனசு அங்கே பாய் விரித்துப் படுத்துவிட்டது. ஆகையால் நாலு பேரும் சேர்ந்து நாலு என்று முடிவு செய்கிறார்கள். கட்டுரையாளரும் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

சூத்திரத்துக்கு இடம் போதவில்லை. அவசரமாக வாங்க இருப்பவர்கள் இதையாவது செய்யுங்கள். மாசி பங்குனியில் வீடு பார்க்காதீர்கள். ஐப்பசியில் ராத்திரி முழுக்க மழை கொட்டிய மறுநாள் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள். ஏணி ஒன்றை வாங்கிப் போட்டு, சுவரோரமாக நாலு ஓட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் காப்பியைக் குடித்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.