நாக்கு நீண்டால் நோயா?

கேள்வி: வெயில் தொடங்கினதிலிருந்து எங்கட நாய் நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்குது. ஏதும் வருத்தமோ?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வருத்தமில்லை, வெக்கை. எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். அதற்குப் பாதத்தில் மட்டும். மிச்சச் சூட்டை இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். சித்திரை பிறக்கும்போது சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறார். நாயோ தகரக் கொட்டிலில் கட்டுப்பட்டு நிற்கும். அவிழ்த்துவிடுங்கள். கிணற்றடி வாழைக்குக் கீழே ஈரமண்ணைக் கிண்டி அதுவே படுத்துக்கொள்ளும். (வாழை சரியும் என்று கத்தவேண்டாம், அடுத்த குலையைப் பக்கக்கன்று போடும்.) சட்டித் தண்ணீர் நிழலில் இருக்கட்டும். தார் றோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் உலா பொழுதுபட்ட பிறகுதான். தள்ளாடினால், வாந்தியெடுத்தால் தண்ணீரால் நனைத்தபடியே மிருக வைத்தியரிடம் கொண்டோடுங்கள். உடற்சூடு 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.