சோலார் சார்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற நால்வழிச் சாலையில், கப்பலூர் சுங்கச்சாவடியை ஒட்டிய எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் ஒரு சோலார் சார் இருப்பார். தெருப் பெயரைக் கேட்டால் முழிக்கிற சிறுவன்கூட, "சோலார் சார் வீட்டுக்குப் பக்கமா?" என்று கையை நீட்டிவிடுவான். அவர் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். சிட்கோவில் லேத் பட்டறை போட்டு, பிறகு பிள்ளை கையில் சாவியைக் கொடுத்தவராக இருக்கலாம். கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கிருந்து வந்தாலும் மொட்டைமாடியில் வெந்நீர்த் தொட்டி ஏறிய நாளோடு பழைய பட்டங்கள் எல்லாம் உதிர்ந்து, சோலார் சார் ஆகிவிடுகிறார்.

ஊரில் மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள். இவர் வெயிலுக்காக வருத்தப்படுவார். "சும்மா கெடக்குதுல்ல தம்பி, எம்புட்டு வெயிலு!" என்று பொட்டலைக் காட்டும்போது, சொந்தப் பணம் தெருவில் சிந்திக் கிடப்பதைப் பார்க்கிற முகம்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கு இவர் வீட்டில் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் மாடிப்படியைக் காட்டுவார்கள். தாம்பாளமும் கையுமாக மேலே ஏற வேண்டும். செருப்பைக் கீழே விட்டிருப்போம். மணி பன்னிரண்டரை இருக்கும். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறவர்களை அவர் பொருட்படுத்த மாட்டார். தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்கும் பதினைந்து கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுவார். இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம், உள்கண்ணாடியில் கறுப்புப் பூச்சு. "மோட்டார் கெடையாது, கரண்டு கெடையாது. சூடான தண்ணி தானா மேல தொட்டிக்கு ஏறும், பச்சத்தண்ணி தானா குழாய்க்குள்ள எறங்கும். சூரியன் போற வரைக்கும் இந்தச் சுத்து நிக்காது." சொல்லிக்கொண்டே நம் கையைப் பிடித்து ஒரு குழாயின் மேல் வைப்பார். குழாய் சில்லென்று இருக்கும். "பாத்தீங்களா? வெளிய சூடே தெரியாது. அம்புட்டும் உள்ள!" அங்கேதான் வந்தவர் விழுவார். அது உண்மையிலேயே அழகான ஏற்பாடு என்பதை, கால் வேகாதிருந்தால் அவரே இன்னும் கொஞ்ச நேரம் நின்று ரசித்திருப்பார்.

தெற்குப் பார்த்து வைத்ததற்கும் விளக்கம் உண்டு. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறந்ததும் உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே போய்விடும். ஆவணியில்தான் திரும்பி வரும். மற்ற மாதம் எல்லாம் தெற்கே. "குளுரு காலத்துக்குத்தானே சுடுதண்ணி? அதான் தெக்க பாத்து வச்சிருக்கு." இதைச் சொல்லும்போது அவர் ஒரு பெரிய உண்மைக்கு மிக அருகில் வந்து, அதைத் தொடாமலே விலகிவிடுகிறார்.

கீழே இறங்கியதும் கணக்கு நோட்டு. ஒரு யூனிட் மின்சாரம் என்றால் 860 கிலோ கலோரி. நூறு லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 3,300 கிலோ கலோரி, அதாவது 3.8 யூனிட். வருடத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1,400. "கவர்மெண்டே 1,500 யூனிட்டுன்னு போட்டிருக்கான், நான் கொறச்சுத்தான் சொல்றேன்" என்பார். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் வைத்தாலே எட்டாயிரத்துச் சொச்சம். தொட்டி வாங்கியது இருபத்திரண்டாயிரம். மூன்று வருடத்துக்குள் முதல் வந்துவிடும். அத்தோடு, இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டினால் கீழே இருக்கும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கும் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும் என்ற நம்மூர் சூட்சுமத்தையும் எடுத்துவிடுவார். பெருக்கலில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. பிழை பெருக்கலுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

சோலார் வருவதற்கு முன் அந்த வீட்டில் 15 லிட்டர் கீசர் ஒன்று இருந்தது. கார்த்திகைக் கடைசியில் போட்டு, மாசியில் நிறுத்துவார்கள். ஒருவர் குளிக்க 50 டிகிரியில் ஒரு கீசர் வெந்நீரும் அதே அளவு பச்சத்தண்ணியும் போதும், அதற்கு 0.4 யூனிட். நாலு பேர், தொண்ணூறு நாள். எப்படிப் போட்டாலும் நூற்றைம்பது யூனிட்டைத் தாண்டாது. செலவே செய்யாத மீதி 1,250 யூனிட்டை எப்படி மிச்சம் பிடிப்பது?

நம்மவருக்கு இந்தச் சந்தேகம் ஒருநாள் இரவு வந்திருக்க வேண்டும். வீட்டார் சொல்கிற சாட்சியத்தை வைத்துப் பார்த்தால், மறுநாள் காலையிலிருந்துதான் வருடம் முழுக்க வெந்நீர்க் குளியல் என்ற சட்டம் வந்தது. மாசி போனது, பங்குனி போனது, குளியலறையில் வெந்நீர்க் குழாய் மட்டும் நிற்கவில்லை. பச்சத்தண்ணியில் குளித்தால் கணக்கு உதைக்கும். ஆகவே மிச்சம் பிடிப்பதற்காக அந்தக் குடும்பம் வேர்க்க வேர்க்கக் குளித்தது.

இதன் உச்சத்தைக் காணச் சித்திரைத் திருவிழாவுக்கு அவர் வீட்டில் தங்க வேண்டும். மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று உறவெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கும். வருடம் முழுவதும் காத்திருந்த கேட்போர் கூட்டம் அல்லவா? விடிகாலையிலேயே அழகரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களை வரிசையாக நிறுத்தி, "நல்லா சுடச்சுட ஊத்திக்கிட்டுப் போங்க மாப்ள, அலுப்பு தெரியாது" என்று உள்ளே அனுப்புவார். குளித்து வெளியே வருகிற மாப்பிள்ளை, துண்டால் துடைக்கத் துடைக்க வேர்வை பெருகி, துடைப்பது தண்ணீரையா வேர்வையையா என்று தெரியாமல் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார். ஒரு மைத்துனர் தைரியமாகப் பச்சத்தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டார். அதிலும் வெந்நீர்தான் வந்தது. மாடியில் இருந்த கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி, ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல், எந்தப் பொறியியல் விளக்கமும் இல்லாமல், பகலெல்லாம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. சித்திரை, வைகாசியில் இந்த ஊரில் குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் ராத்திரியே வாளியில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு இன்னும் யாரும் சாதனம் விற்க வரவில்லை.

அந்த மாதங்களில் சோலார் தொட்டிக்கும் வெறி பிடித்துவிடும். இழுத்துவிட ஆள் இல்லாமல் உள்ளே தண்ணீர் கொதிநிலையைத் தொட்டு, காற்றுப் போக்கிக் குழாய் வழியாக ஆவி சீறும். ஆகவே கத்திரி வெயில் தொடங்கியதும் நம்மவர் நனைத்த சாக்குகளோடு மேலே போய், குழாய்களில் பாதியை மூடிக் கட்டிவிட்டு வருவார். வெயில் வீணாகிறதே என்று வருந்தி, வெயிலைப் பிடிக்க ஒரு கருவி வாங்கி, அந்தக் கருவிக்கு வெயில் படாமல் சாக்குப் போட்டுக் காப்பாற்றுகிற மனிதரை நான் அங்குதான் பார்க்கிறேன். இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார். "அதுவும் மெயின்டனன்ஸ்தான் தம்பி" என்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரு தீராத குறை உண்டு, அது மானியம். மத்திய அரசு சோலார் வாட்டர் ஹீட்டருக்கு 30 சதவீதம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2014-இல் அதை நிறுத்தியது. நம்மவர் அதற்கு அப்புறம் வாங்கினார். பிறகு 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. 78,000 ரூபாய் வரை மானியம் என்று பேப்பரில் பார்த்ததும், ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு ஓடினார். அது வெயிலிலிருந்து கரண்டு எடுக்கிற தகட்டுக்கு, தண்ணீர் சுட வைக்கிற தொட்டிக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போதும் தெருவில் யாராவது, "சார், உங்களுக்கு 78,000 வந்துருச்சா?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். கேட்கிறவர்கள் தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

பெண் பெங்களூரில் இருக்கிறாள். அங்கே பெரிய வீடு கட்டினால் சோலார் வெந்நீர் இருந்தால்தான் கரண்டு இணைப்பே என்று விதி; பில்லிலும் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. "இஸ்ரேல்ல 1980-லயே சட்டம் போட்டுட்டாய்ங்க. பெங்களூர்ல தள்ளுபடி தர்றாய்ங்க. நம்மூர்ல?" என்று சுங்கச்சாவடிப் பக்கம் பார்த்துக் கேட்பார். கப்பலூர்க்காரர்களுக்கு எந்தக் குறையைச் சொன்னாலும் கண் அந்தப் பக்கம் போவது பழக்கம். பெங்களூரில் வைகாசியிலும் விடிகாலை ஒரு சொம்பு வெந்நீர் கேட்கிற உடம்புகள் இருக்கின்றன என்பதை மட்டும் அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

சுற்றுச்சூழலுக்காகச் செய்கிறேன் என்று சொல்கிறவர், மரங்களோடு பகையாகிப் போனது தனிக் கதை. தெற்கு வீட்டு வேப்பமரம் வளர வளர இவருக்குத் தூக்கம் கெட்டது. "கொப்ப லேசா கழிச்சு விட்டா வீட்டுக்கு வெளிச்சம் வரும்ல" என்று அக்கறையாக ஆரம்பித்து, அரிவாளைத் தானே கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் போனார். அந்த வீட்டுக்காரர் மகனுக்காக மாடி எடுக்கப் போகிறார் என்ற செய்தி வந்தபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மாடி எடுத்தால் மார்கழி வெயில் முழுக்க மறைந்துவிடும். பிள்ளைகளைப் பிரிந்து வாழ விடுவதே நல்லது என்று அந்தப் பெற்றோருக்கு அவர் சொன்ன அறிவுரையின் பின்னணி தெருவில் பலருக்குத் தெரியாது.

வெயில் மறைவது என்றதும் நினைவுக்கு வருகிறது. குளியலறைக்கு வெளியே, நாள்காட்டிக்குப் பின்னால் ஒரு சுவிட்சு உண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடிக்கொண்டால் மேலே தொட்டியில் இருப்பது மழைத்தண்ணி குளிர்ச்சிதான். உண்மையில் வெந்நீர் தேவைப்படுகிற நாளும் அதுதான். அதற்காகத் தொட்டிக்குள்ளேயே 2,000 வாட் காயில் ஒன்று வைத்துத் தருவார்கள். விடியக்காலம் நாலரைக்கு, வீடு தூங்குகிறது என்று நம்பி, நாள்காட்டியைப் பூனை நடையில் விலக்குவார் சோலார் சார். கீசராக இருந்தால் அவர் ஒருவர் குளிக்க 0.4 யூனிட்டில் முடிந்திருக்கும். இப்போது நூறு லிட்டரையும் சுட வைத்தாக வேண்டும்: அதே 50 டிகிரிக்கு 2.7 யூனிட். இந்தப் பெருக்கல் மட்டும் நோட்டில் கிடையாது.

பாராட்ட வேண்டிய ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். மேலே ஒரு தடவைகூட ஏறிப் பார்க்காத அவருடைய மனைவி. குழாய் போட வந்தவரிடம், "தம்பி, அடுப்படி சிங்க்குக்கும் ஒரு லைன் இழுத்துரு, அவருகிட்டச் சொல்லிக்க வேணாம்" என்று தனியாகக் காசு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டவர். சிபிவிசி குழாய்தான் சூட்டைத் தாங்கும், சாதாரண வெள்ளைக் குழாய் இளகிவிடும் என்பதை அதே ஆளிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டதும் அவர்தான். வெயிலில் சூடாகிற தண்ணீர் மத்தியானமும் சாயங்காலமும்தான் நல்ல சூட்டில் இருக்கும். ராத்திரி தாண்டினால் கொஞ்சம் இறங்கும். ஆகவே கறிக்குழம்புச் சட்டியின் பிசுக்கை மூன்று மணிக்குத் தேய்க்கிறார். மாமியாரின் முழங்காலுக்கு ஒத்தடம், பேரனுக்குச் சாயங்காலக் குளியல் எல்லாம் அதே தண்ணீரில். காலைக் குளியலுக்குச் சேமித்து வைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் கணவர் குழாய் மூட்டு மூட்டாக ஒழுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த இருபத்திரண்டாயிரத்துக்கு வரவு என்று எழுதக்கூடியது அடுப்படியில் நடக்கிற இந்தக் களவு ஒன்றுதான்.

இப்போது சோலார் சார் அடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஏ.சி. மிஷினைத் திருப்பிப் போட்ட தத்துவம்: சுற்றியிருக்கிற காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்டு கொடுத்தால் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு. மேகம் மூடினாலும் கவலையில்லை, வேப்பமரம் நிழல் விழுந்தாலும் கவலையில்லை, தெற்கு வீட்டுக்காரர் நாலு மாடி எடுத்தாலும் எடுக்கட்டும். "மதுரைக் காத்துல இல்லாத சூடா? சும்மா கெடக்குதுல்ல!" என்று புது நோட்டில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். விலை சோலாரைவிடப் பல மடங்கு என்பதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார். அது வெளியே விடுகிற காற்று சில்லென்று இருக்குமாம். அதைக் குழாய் வைத்துப் படுக்கையறைக்குள் திருப்பிவிட்டால் ஏ.சி. செலவும் மிச்சம் என்று மனைவியிடம் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

அந்த அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, எல்லாஞ் சரி. காத்த மட்டுந்தான் குளுர வைக்குமா, இல்ல வைகாசியில குளிக்க ஒரு வாளி பச்சத்தண்ணியும் தருமா?" என்று கேட்டாராம்.