எத்தனை மார்க்குன்னு மட்டும் கேளு மாப்ளே

மாப்ளே, நீ செய்யுதது நூத்துக்கு நூறு சரி. மூணாப்புப் படிக்கிற பிள்ளை முதுகுல இருந்து பையை இறக்குறதுக்கு முந்தி, ‘எத்தனை மார்க்கு?’ன்னு கேக்குத பாரு, அப்படித்தான் கேக்கணும். தப்பித்தவறி ‘இன்னைக்கு எதும்மா உனக்குப் பிடிபடலை?’ன்னு மட்டும் கேட்டுராத. அது பதில் சொல்லிரும். சொன்னா நீ செல்லைக் கீழ வச்சுட்டு உக்காரணும். உக்காந்தா, அது உனக்கும் தெரியாதுங்கிற சங்கதி வெளிய வந்துரும். எதுக்கு வம்பு? சனிக்கிழமை நம்ம ஊரு மதுநாதர் கோயிலுக்குப் போயி சனீஸ்வரனுக்கு ஒரு எள்ளு விளக்கைப் போடு. ஏழரைச் சனி, கோர்ட்டு கேசு, தள்ளிப்போற கல்யாணம்னு வெளியூர்க்காரன் எல்லாம் கார் பிடிச்சு வந்து மனுக் குடுக்கான். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல உன் மக கழித்தல் கணக்கையும் அவரு பாத்துக்கிட மாட்டாராக்கும்?

கழித்தல்னதும் ஞாபகம் வருது. உங்க திண்ணையில கிடந்த கணக்கு நோட்டைப் புரட்டிப் பாத்தேன். 502ல 178 போனா மீதி 476னு போட்டிருக்கா. டீச்சர் சிவப்பு மையில குறுக்க ஒரு இழுப்பு. அதுக்குக் கீழ 324ங்கிற சரியான விடையை மூணு தரம் காப்பி பண்ணி வச்சிருக்கா. நீ அதைப் பாத்துட்டு, ‘கவனமாப் போடு மூதி’ன்னு ஒரு கொட்டு வச்சியாமே.

அவ கவனமாத்தான் போட்டிருக்கா மாப்ளே. அதுதான் விசயமே. ‘எப்படித் தாயி போட்ட?’ன்னு கேட்டேன். ‘ரெண்டுல எட்டு போகாதுல்லா தாத்தா, அதான் எட்டுல ரெண்டை எடுத்தேன், ஆறு. பூச்சியத்துல ஏழு போகாது, அதனால ஏழு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு’ங்கா. பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நாமதான சொல்லிக் குடுத்தோம்? அந்தப் பேச்சைத் தட்டாம ஒவ்வொரு வரிசையிலயும் செஞ்சிருக்கா. உலகம் பூரா சின்னப் பிள்ளைய இதே தப்பை இதே மாதிரி ஒழுங்காப் போடுதுவ. 324ஐ முந்நூறு தரம் எழுத வச்சாலும் நாளைக்கு வேற கணக்குல மறுபடியும் இதேதான் வரும். விடை மாறுச்சே தவிர அவ யோசனை மாறலையே!

நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. ‘தாயி, கையில 502 ரூவா இருக்கு. 178 ரூவாக்குச் சாமான் வாங்குத. கடைக்காரரு மீதி 476 ரூவா குடுக்காரு. சரியா?’ன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கா. ‘அவரு என்ன கோட்டியா தாத்தா?’ங்கா. சிரிப்பு நின்னதும் நோட்டைப் பிடுங்கி 476ஐயும் 178ஐயும் கூட்டிப் பாத்தா. 654 வந்துச்சு. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடிச்சிட்டு இருந்தவ நிமிர்ந்து கேட்டா பாரு ஒரு கேள்வி: ‘பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா அங்கன பூச்சியம்ல இருக்கு? இல்லாதவன்கிட்ட எப்படித் தாத்தா வாங்க?’

அவ மாட்டிக்கிட்டு நின்ன இடம் அதுதான் மாப்ளே. அதைக் கண்டுபிடிச்சது நானும் இல்ல, டீச்சரும் இல்ல. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் சர்க்காரு யோசிக்கலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள் 13ல, விஜயகுமார்ங்கிற கமிஷனரு காலத்துல, செயல்வழிக் கற்றல்னு ஒண்ணைக் கொண்டாந்தாவ. ஆந்திராவுல ரிஷிவேலிப் பள்ளிக்கூடத்துக்காரவ கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செஞ்ச ஏற்பாட்டைப் பாத்து வந்த யோசனை. 2007, 2008 வாக்குல தமிழ்நாடு பூராவும் பரவுச்சு. சுவத்துல ஒரு ஏணிப் படம். படிக்குப் படி சின்னம் போட்ட அட்டை. தான் எந்தப் படியில நிக்கோம்னு பிள்ளையே பாத்து, அடுத்த அட்டையைத் தட்டுல இருந்து எடுத்துக்கிட்டு, டீச்சர்கிட்ட உக்காரணுமா, கூடப் படிக்கிற பிள்ளையோட உக்காரணுமான்னு சின்னத்தை வச்சே தெரிஞ்சுக்கும். பிள்ளைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். வருகைப் பதிவுகூட அதுகளே போட்டுக்கிட்டுதுவ.

நம்மாளு என்ன சொன்னான்? ‘வாத்தியாரு தரையில உக்காந்திருக்காரு, பிள்ளைய பாயில சுத்தி உக்காந்திருக்கு, இது பள்ளிக்கூடமா சத்திரமா?’ன்னான். டை கட்டி வேன்ல ஏத்துற பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனான். அந்த ஏற்பாட்டுலயும் குறை இல்லாம இல்ல. எந்தப் படியில நிக்கேன்னு ஏணி காட்டுச்சு. எப்படி ஏறின, எங்கன வழுக்குச்சுன்னு யாரு கேட்டா? அட்டையை முடிச்சாப் போதும்னு ஆச்சு.

கொரோனாவுக்கு அப்புறம் 2022ல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் வந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையத் தரம் பிரிச்சு, அதது நிலைக்குத் தக்கனப் பாடம். நல்ல காரியம்தான். ஆனா டீச்சர் பாவம், செல்லுல பதிஞ்சுக்கிட்டே இருக்காவ. தான் மொட்டுன்னு பிள்ளைக்குத் தெரியும் முந்தி சென்னைக்குத் தெரிஞ்சு போவுது.

சுயமதிப்பீடுன்னு ஒரு தாளும் சில பள்ளிக்கூடத்துல குடுக்காவளாம். சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு, உம்முன்னு ஒண்ணு, அழுவுற மூஞ்சி ஒண்ணு. புரிஞ்சுதுன்னா சிரிக்கிற மூஞ்சியை வட்டம் போடணும். பிள்ளை என்ன முட்டாளா? அத்தனைக்கும் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டுட்டு விளையாடப் போயிரும். அழுவுற மூஞ்சியைப் போட்டா வீட்டுல நிசமாவே அழணும்னு அதுக்குத் தெரியாதா? நம்ம குளத்துல குதிக்கிற பயலுக்கு யாரு தாள் குடுத்தா? கால் எங்கன எட்டும், எங்கன முங்குவோம்னு அவனுக்கு அத்துப்படி. ‘எனக்கு அங்க நிலைக்காதுலே, நான் வரலை’ன்னு வெக்கப்படாமச் சொல்லுதான். அங்கன பொய் சொன்னா மூக்குல தண்ணி ஏறும். வகுப்புல உண்மையைச் சொன்னாத்தான ஏறுது!

பிள்ளையை அடிக்கப்பிடாது, மனசை நோகடிக்கப்பிடாதுன்னு 2009லயே சட்டம் வந்தாச்சு. ஆனா அது பள்ளிக்கூடத்துக்கு எழுதின சட்டமாப் போச்சு. உன் வீட்டுத் திண்ணை வரைக்கும் வராதுங்கிற தைரியத்துலதான கொட்டுத?

சரி, நீ கேக்க மாட்ட, இருந்தாலும் சொல்லுதேன். ஒண்ணாப்புப் படிக்கிற தம்பிக்கு அவளை டீச்சராக்கிப் பாரு. இது பழைய வித்தை. எழும்பூர்ல 1789ல இருந்து அநாதைப் பிள்ளைய பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட்டவரு ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியாரு. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைய விரலால மணல்ல எழுதிப் படிக்கதைப் பாத்தாரு. தன் வாத்தியாருமாரு அந்த மணலுக்கு மசியலைன்னதும், எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே சின்னதுகளுக்கு வாத்தியாரா உக்கார வச்சாரு. 1797ல லண்டன்ல புஸ்தகமும் போட்டாரு. சீமையில மெட்ராஸ் முறைன்னு அதுக்கு ஏக கீர்த்தி. தனக்குள்ள படிக்கையில தெரியாத ஓட்டை, இன்னொருத்தனுக்குச் சொல்லையில பல்லை இளிச்சுரும். ‘ஏன்க்கா?’ன்னு அந்த வாண்டு ஒரு தரம் கேட்டாப் போதும், உன் மகளுக்குத் தன் படிப்பு எங்கன நிக்குன்னு தெரிஞ்சு போவும்.

நோட்டை டீச்சர்கிட்ட நீட்டுறதுக்கு முந்தி, எந்தக் கணக்கு நிச்சயம், எது சந்தேகம்னு அவளே ஓரத்துல ஒரு புள்ளி வச்சுக்கிடட்டும். திருத்தி வந்த பொறவு, புள்ளி வச்சதுதான் தப்பாச்சா, நிச்சயம்னது தப்பாச்சான்னு பாக்கட்டும். நிச்சயம்னு நினைச்சது தப்பாப் போனா அங்கனதான் உக்காந்து பேசணும். முதல்ல புள்ளியே வைக்க மாட்டா, பயம். ஒரு மாசம் பொறு. சாரல் நிக்க எத்தனை நாளு காத்துக்கிட்டு இருக்க, அதுல பாதியாவது பொறு.

அந்தப் பயம் போவணும்னா, நீ முதல்ல உனக்குத் தெரியாதது ஒண்ணை அவகிட்டச் சொல்லணும். யோசிக்காத, நானே எடுத்துத் தாரேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கரண்டு பில்லு. இத்தனை யூனிட்டு இலவசம், அதுக்கு மேல படிப்படியா ரேட்டு. அது எப்படிக் கணக்காவுதுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாமத்தான போன தடவை டீக்கடையில சர்க்காரைத் திட்டிட்டு இருந்த? இன்னைக்கு ராத்திரி அந்தக் காயிதத்தை எடுத்துக்கிட்டு அவ பக்கத்துல உக்காரு. மொதல்ல கழித்தல்தான் வரும். நடுவுல பூச்சியம் வந்து நீ முழிச்சா அவகிட்டயே கேளு. கொட்ட மாட்டா.